மூன்றாவது பாட்டு முடிந்ததும் எழுந்த கூச்சல்

பெங்களூரிலிருந்து திரும்பி வந்த மறுநாள் சம்பத்துக்குக் குரலே இல்லை.

தன் கேசட் கடையின் கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு தொண்டையைத் தொட்டுக் காட்டினார். காற்று மட்டும்தான் வந்தது. "போச்சு" என்றது அந்தக் காற்று. பிறகு டிராயரைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்து, ஒரு விரலால் என் பக்கம் நகர்த்தினார். உறைமேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நான் அலுவலகம் விட்டு வரும் நேரம். தோளில் டிபன் பை, கையில் குடை. கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஐயப்பன் பாட்டு கேட்டு வந்தவர், இன்னொருவர் கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர், ரேடியோ செட் கட்டுகிறவர். அவர்கள் முன்னால் என்னால் எதுவும் பேச முடியாது. சம்பத்தாலோ அன்றைக்கு யார் முன்னாலும் பேச முடியாது.

"முழுசா வந்திருக்குதா?" என்றேன்.

தலையாட்டினார். காதைத் தொட்டுக் காட்டினார். போய்க் கேளுங்கள் என்று அர்த்தம்.

இந்த வாரக் கட்டுரை அந்தக் கேசட்டைப் பற்றித்தான். ஆனால் அதற்கு முந்தைய கதையைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. கொஞ்ச நாளைக்கு முன், 'எனக்கு ராக் இசைக் கச்சேரிகளின் நேரடிப் பதிவுகள் என்றால் உயிர்' என்று இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். கலெக்டர் ஆபீஸில் டைப் அடித்து ஓய்வு பெற்ற பெண்மணிக்கு இது எங்கிருந்து தொற்றிக்கொண்டது என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போளூர் வாசகர் ஒருவர் மட்டும், "ராக் என்றால் பாறைதானே, நம் மலையைச் சொல்கிறீர்களா?" என்று கேட்டிருந்தார். இல்லை ஐயா, மலையைச் சொல்லவில்லை. ஆனால் அந்த மலை இல்லாவிட்டால் இந்தப் பாட்டு எனக்கு வந்திருக்காது.

மாடி அறை

எங்கள் ஊர் தனி மாவட்டமான சமயம். புதிது புதிதாக ஆபீஸ்கள் முளைத்தன. எனக்கும் அதில் ஒரு டைப்பிஸ்ட் நாற்காலி கிடைத்தது. அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். அண்ணன் மெட்ராஸில் குடும்பமாகிவிட்டான். திருமஞ்சன கோபுரத் தெருவுக்குப் பின்னால் இருந்த வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்.

மாடியில் ஓர் அறை இருந்தது. மலையைத் தேடி வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அதை வாடகைக்கு விடுவோம். அப்படி வந்தவர்தான் மார்த்தா. டென்மார்க்காரர். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். வெறுங்காலோடு மலை சுற்றுவார். என் ரசத்தை டம்ளரில் வாங்கிக் காப்பி போலக் குடிப்பார்.

இரண்டு பனிக்காலம் இருந்துவிட்டுக் கிளம்பும்போது ஸ்டவ்வையும் கொசுவலையையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். கூடவே ஒரு செருப்பு டப்பா நிறையக் கேசட்டுகள். "வெயிட் ஜாஸ்தி" என்றார், எங்களிடம் கற்ற தமிழில். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: இவை கடையில் வாங்கியவை அல்ல, சின்ன வயதில் கச்சேரிகளுக்குப் போய் நானே ஒலிப்பதிவு செய்தவை. பதிவு செய்யக் கூடாது என்று வாசலில் தடுப்பார்களாம். மார்த்தா டேப் ரெக்கார்டரை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு போவாராம். பிள்ளைத்தாய்ச்சி என்று நினைத்துக் காவல்காரர் நாற்காலிகூடப் போட்டுக் கொடுப்பாராம். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

கச்சேரி என்றதும் நான் வேறு எதையோ எதிர்பார்த்தேன். ஒரு நாள் சாயங்காலம் அப்பா கோயிலுக்குப் போயிருந்தபோது, அண்ணன் வாங்கிக் கொடுத்திருந்த ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னில் ஒரு கேசட்டைப் போட்டேன்.

முதலில் தகரக் கூரைமேல் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். அது கைதட்டல் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. விசில்கள். மிகப் பக்கத்தில், என் தோளுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி, ஒருவர் இருமினார். ஒரு பெண் சிரித்தாள். எங்கோ தூரத்தில் மேடைமேல் யாரோ கிடாரின் ஒரே தந்தியைத் திருகித் திருகிச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடி விழுந்தது போல டிரம்.

பதறிப்போய் அணைத்தேன். வாசலில் அப்பா நின்றார்.

"இன்னாம்மா, யார் வீட்ல சண்டை?"

"ரேடியோப்பா" என்றேன்.

மறுநாள் அவர் கோயிலுக்குக் கிளம்பியதும் மறுபடி போட்டேன். பாட்டுக்காக அல்ல. அந்த இருமலுக்காக.

பிசகும் சேர்ந்த பாட்டு

அந்தக் குழுக்களின் பெயர்களை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் எது சிறந்தது என்று சண்டைக்கு வருகிறவர்கள் நம் ஊரிலும் இப்போது இருக்கிறார்கள். தவிர, முதல் வருஷம் எனக்கே பெயர்கள் தெரியாது. மார்த்தாவின் எழுத்து எனக்குப் புரியவில்லை. சிவப்பு மை கேசட், உறை உடைந்த கேசட், காப்பிக் கறை கேசட் என்றுதான் அடையாளம் வைத்திருந்தேன்.

பாட்டின் வார்த்தைகளும் பாதி புரியாது. என் ஆங்கிலம் ஆபீஸ் ஆங்கிலம். 'மேற்படி பொருள் தொடர்பாக' என்பதை ஆங்கிலத்தில் அடிக்க வரும். அந்தப் பாடகர்களோ மேற்படி பொருள் எதையும் பாடவில்லை.

ஆனால் மற்றது எல்லாம் புரிந்தது. உறை உடைந்த கேசட்டில் ஒரு பாட்டு நடுவில் கிடார் தந்தி அறுந்துவிடும். பட்டென்று ஒரு சத்தம், பாட்டு நின்றுவிடும். பாடகர் ஏதோ சொல்வார், கூட்டம் சிரிக்கும். வேறு தந்தி மாட்டுகிறவரை டிரம் அடிப்பவர் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருப்பார். அவ்வளவு பெரிய கூட்டம் அந்தத் தட்டலுக்குக் கை தட்டிக்கொண்டு பொறுமையாக நிற்கும். பாட்டு மறுபடி ஆரம்பிக்கும்போது எழும் சத்தத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறியும்.

இன்னொன்றில் பாடகர் வரியை மறந்துவிடுவார். கூட்டம் எடுத்துக் கொடுக்கும். பிறகு அவர் வேண்டுமென்றே நிறுத்திக்கொள்வார். வாத்தியங்களும் ஒவ்வொன்றாக அடங்கும். அத்தனை பேரும், சுருதி சேர்ந்தும் சேராமலும், தனியாகப் பாடுவார்கள். மார்த்தாவும் அதில் பாடுகிறார். எங்கள் மாடியில் துணி காயப்போடும்போது முணுமுணுத்த அதே குரல், இருபது வயது குறைவாக.

பின்னாளில் அதே பாட்டுகளைக் கடைக் கேசட்டிலும் கேட்டேன். எல்லாம் அழகாக, அளவாக இருந்தன. ஆனால் அங்கே யாரும் இல்லை. ஒரு கதவடைத்த அறையில் எனக்காகப் பாடிவிட்டுப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். மார்த்தாவின் கேசட்டில் என்னைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். நான் இருந்த இருப்புக்கு அது பெரிய விஷயம்.

லோ வோல்டேஜ் நேரத்தில் பாடகரின் குரல் இழுத்துக்கொண்டு ஆழமாகிவிடும், கூட்டமே கிணற்றுக்குள் விழுந்த மாதிரி. அதுகூட எனக்குப் பிடித்திருந்தது.

தீபத்தன்று மொட்டை மாடி

கூட்டத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. கார்த்திகை தீபத்தன்று எங்கள் தெருவில் எறும்பு நுழைய இடம் இருக்காது. வீட்டில் உறவுக்காரர்கள் நிரம்பிவிடுவார்கள். சாயங்காலம் எல்லோரும் மொட்டை மாடியில் மலையைப் பார்த்து நிற்போம். உச்சியில் சுடர் தெரிந்த அந்த நொடியில் ஊரே ஒரே குரலாக 'அரோகரா' என்று எழும். அந்த ஓசையை விவரிக்க எனக்குத் தெரியாது.

எல்லோரும் கைகூப்பி அழுதுகொண்டு நிற்பார்கள். நானும் கைகூப்பியிருப்பேன். ஆனால் எனக்குக் காப்பிக் கறை கேசட்டின் முதல் நிமிஷம் நினைவுக்கு வரும். கச்சேரி அரங்கில் விளக்கு அணைந்ததும் அங்கேயும் கூட்டம் இப்படித்தான் எழும். இதை யாரிடம் சொல்வது? சித்தியிடமா? அத்தையிடமா? அவர்களுக்கு என்னிடம் பேச ஒரே விஷயம்தான் இருந்தது. வந்த வரன்கள் ஏன் நின்றுபோயின, இனிமேல் வருமா.

ஆபீஸில் என் பக்கத்து மேசை விஜயாவிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், அந்தத் தந்தி அறுந்த கதையை. அவள் முழுவதும் கேட்டாள். நல்ல மனசுக்காரி.

"நீ தனியா இருந்து இருந்து இப்படி ஆயிட்டடி" என்று சொல்லி, தன் டப்பாவிலிருந்து ஒரு வடையை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

சம்பத்

ஒரு நாள் காப்பிக் கறை கேசட்டின் நாடா டூ-இன்-ஒன்னுக்குள் சிக்கிக்கொண்டது. இழுத்தால் அறுந்துவிடும் போலிருந்தது. பெட்டியோடு தூக்கிக்கொண்டு தேரடித் தெருவில் இருந்த ரெக்கார்டிங் சென்டருக்கு ஓடினேன். வெள்ளைத்தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால் காலிக் கேசட்டில் பதிந்து தருகிற கடை.

கடைக்காரர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். கீழ்பென்னாத்தூர்க்காரர், மணிலா, அதாவது நிலக்கடலை, வியாபாரக் குடும்பம் என்று பிறகு தெரிந்தது. பென்சிலை விட்டுச் சுற்றி, சுருக்கத்தை நீவி, நாடாவை உள்ளே சேர்த்தார். சரியாகிவிட்டதா என்று பார்க்கத் தன் மெஷினில் போட்டார்.

இரைச்சல் எழுந்தது. இருமல் கேட்டது. அவர் கையில் இருந்த பென்சிலைக் கீழே வைத்தார்.

"மேடம், இது யாரு எடுத்தது?"

"ஏன்?"

"கூட்டத்துக்கு நடுவுல நின்னு எடுத்திருக்காங்க. இந்த மாதிரி இருக்குதுன்னு படிச்சிருக்கேன். கேட்டதே இல்லைங்க." மெஷின் பக்கம் குனிந்து, "இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடட்டுமா?" என்றார்.

அந்த இரண்டு நிமிஷம் ஒரு பக்கம் முழுவதும் ஓடியது. கடைக்கு வந்தவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சம்பத்திடம் மெட்ராஸ் நடைபாதைக் கடைகளில் பொறுக்கிய ஆங்கிலக் கேசட்டுகள் கொஞ்சம் இருந்தன. எங்கள் ஊரில் அவற்றைக் கேட்கிறவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நானும் அப்படித்தான்.

அதன் பிறகு அநேகமாக வாரம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வரும் வழியில், கடையில் நிற்பேன். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். வேறு ஆள் வந்தால் ஏதாவது பக்திப் பாட்டு விலை விசாரிப்பேன். ஆள் போனதும் பேச்சைத் தொடர்வோம். வருஷக்கணக்கில் இப்படி. கடைக்கு வெளியே ஓர் இடத்திலும் சந்தித்துக்கொண்டதில்லை.

பேச்செல்லாம் கேசட் பேச்சுதான். இருமுகிறவருக்கு 'இருமல்காரர்' என்று பெயர் வைத்தது சம்பத்.

"அந்த இருமல்காரருக்கும் சிரிக்கிற பொம்பளைக்கும் இந்நேரம் கல்யாணம் ஆயிருக்கும் பாருங்க."

"ஆயிருக்காது. ரெண்டாவது பக்கத்துல அவ சிரிப்பு கேக்கவே இல்ல. எழுந்து போயிட்டா."

"எடம் மாறி நின்னிருப்பாங்க. நீங்க எப்பவும் இப்படித்தான் நெனப்பீங்களா?"

அவருக்கு என்னைவிட மூன்று வயது கம்மி. அவர் வீடு வேறு, எங்கள் வீடு வேறு. எங்கள் தெருவில் அது எவ்வளவு தூரம் என்பது இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். அதனால் நான் எதையும் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வெள்ளிக்கிழமை என்றால் நல்ல புடவையாக எடுப்பேன். அவ்வளவு வரைக்கும் நினைத்தேன்.

கண் ஆபரேஷன்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள். நான் கடைக்குள் கால் வைத்ததும் சம்பத் ஓர் ஆங்கிலப் பேப்பரை விரித்துக் காட்டினார். சிவப்பு மை கேசட்டில் பாடுகிறவர்கள் பெங்களூருக்கு வருகிறார்கள்.

"வாங்க" என்றார். "என் தங்கச்சியும் வரேன்னு சொல்றா. செங்கம் வழியா பஸ்ல போயிட்டு மறுநாள் காலைல திரும்பிடலாம்."

யோசிக்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வரேன்" என்று வந்தது.

கூட்டத்தில் காலை மிதிப்பார்கள் என்று அவர் சொன்னதால் கான்வாஸ் ஷூ ஒன்று வாங்கினேன். புடவைக்குக் கீழே ஷூ போட்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். அப்பா பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அப்போது புகைபோலத்தான் எல்லாம் தெரிந்தது. இரண்டு கண்ணிலும் புரை.

ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம். ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். கச்சேரி இருந்த அதே வாரம். கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிற மனிதருக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து போட ஆள் வேண்டும். அண்ணனுக்குப் போன் செய்தேன். "குழந்தைங்களுக்குப் பரீட்சைம்மா, நீதான் இருக்கியே" என்றான். நான்தான் இருந்தேன்.

கடைக்குப் போய்ச் சொன்னேன். சம்பத் கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க. அப்பாதான் முக்கியம். நான் கொண்டாந்து தரேன்."

"என்னத்த?"

"கச்சேரியத்தான்."

தயிர்சாதம்

அப்படிக் கொண்டுவந்த கேசட்டைத்தான் குரல் போன சம்பத் அன்று மேசைமேல் நகர்த்தினார்.

அப்பா பச்சைத் துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மாடி அறை அப்போது காலி. அங்கே பெட்டியை எடுத்துப்போய், ஜன்னலைச் சாத்தி, தரையில் உட்கார்ந்து போட்டேன்.

முதலில் கேட்டது பாட்டில்லை. சம்பத்தின் குரல், கிசுகிசுவென்று.

"மேடம், உள்ள வந்துட்டோம்ங்க. வாசல்ல பையெல்லாம் தொறந்து பாக்கறாங்க. டிபன் கேரியர்ல, தயிர்சாதத்துக்கு அடியில, பிளாஸ்டிக் கவர் போட்டு மெஷின வெச்சுட்டேன். ஊறுகா வாசனைக்கு அந்தாளு மூடிட்டு அனுப்பிட்டான்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வீட்டில் என் சிரிப்பை நானே கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

பிறகு முழுவதும் அப்படித்தான். அவர் எனக்காகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். "இப்ப தூறல் போடுது. யாரும் நகரலை." "பக்கத்துல ஒரு சர்தார் நிக்கிறாரு, அவர் தலைப்பா தாண்டி மேடை தெரியல." "தங்கச்சி காதைப் பொத்திக்கினு நிக்கிறா, பஸ்ஸுக்குப் போலாம்னு ஜாடை காட்றா." "விளக்கு அணைச்சுட்டாங்க. இப்ப பாருங்க." பாருங்கள் என்றுதான் சொன்னார். நானும் பார்த்தேன்.

பாட்டு வந்தது. மழை மைக்கில் விழுந்து பொரிந்தது. டிரம் அடிக்கும்போதெல்லாம் ஒலி உடைந்தது. ஒலிப்பதிவு என்ற வகையில் மார்த்தாவின் கால் தூசிக்கு வராது. எனக்கு அதைப் போல வேறொன்று இல்லை.

மூன்றாவது பாட்டு முடிகிற இடத்தில் கூட்டம் பெரிதாகக் கூச்சலிட்டது. அந்தக் கூச்சலுக்குள் சம்பத் ஏதோ சொன்னார். மற்ற இடங்களில் பேசிய மாதிரி இல்லை. மெதுவாக, வாயை மெஷினுக்கு மிகப் பக்கத்தில் வைத்து. 'நீங்க' மாதிரி ஒன்று கேட்டது. கடைசியில் 'லாமா' மாதிரி ஒன்று. நடுவில் இருந்ததெல்லாம் விசிலும் கைதட்டலும்.

திருப்பிப் போட்டேன். மறுபடி போட்டேன். காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக் கேட்டேன். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான்காவது பாட்டு. அது மெதுவான, நீளமான பாட்டு. அதில் சம்பத் ஒரு வார்த்தை பேசவில்லை. மழையும் அந்த நேரம் விட்டிருந்தது. ஒலிப்பதிவில் மிகச் சுத்தமாக வந்த இடம் அதுதான்.

அவர் என்ன கேட்டிருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. ஆனால் அது என் ஆசை. 'அடுத்த பாட்டுக்குப் போலாமா' என்றுகூடக் கேட்டிருக்கலாம். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டு போய் நின்று, அவர் இதைச் சொன்னால், அப்புறம் அந்தக் கடைவாசலை எப்படி மிதிப்பேன்? அப்படி ஏதாவது இருந்தால் நேரிலேயே கேட்பார் என்று முடிவு செய்தேன்.

சில நாள் கழித்துப் போனேன். குரல் திரும்பியிருந்தது. ஆனால் ரேடியோ செட்காரர் அன்றும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டீங்களா?" என்றார் சம்பத். என் முகத்தையே பார்த்தார்.

ரேடியோ செட்காரரும் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷத்தில் வருகிற சிரிப்பு.

"கேட்டேன். பாட்டைவிட உங்க பேச்சுதான் ஜாஸ்தி. அந்த நாலாவது பாட்டுல ஒண்ணும் பேசல பாருங்க, அதுதான் நல்லா வந்திருக்குது."

"சரிங்க" என்றார். பிறகு திரும்பி ஒரு கேசட்டை எடுத்துப் பென்சிலால் சுற்ற ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. நான் போனால் புதுப் பாட்டு ஏதாவது போட்டுக் காட்டுவார், மரியாதையாக. தை மாதம் மேசைமேல் என் பக்கம் அவர் நகர்த்தியது கல்யாணப் பத்திரிகை. விஜயாவைக் கூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போய் வந்தேன். மண்டபத்தில் அந்த ரேடியோ செட்காரரின் ஸ்பீக்கர்தான் அலறியது. பெண் நல்ல களையான பெண். இரண்டு பேர் பக்கத்திலும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

சி.டி. வந்தது. காலிக் கேசட்டில் பாட்டு பதிகிறவர்கள் குறைந்தார்கள். சம்பத் கடையைக் கொடுத்துவிட்டு ஓசூரில் ஏதோ தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

புங்கமரத்தடி

புது நூற்றாண்டு பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அப்பா இல்லை. நான் ஆபீஸில் சூப்பிரண்டு ஆகியிருந்தேன். டைப்ரைட்டர்கள் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர்கள். ஒரு நாள் காலை நிமிர்ந்து பார்த்தால் மேசைக்கு அந்தப் பக்கம் சம்பத் நிற்கிறார். தலைமுடி முன்னால் கொட்டியிருந்தது. அவருடைய அப்பா இறந்துவிட்டார், தாலுகா ஆபீஸில் நின்றுபோன வாரிசு சான்றிதழ் விஷயமாக வந்திருக்கிறார். சம்பந்தப்பட்ட அதிகாரி வர நேரமாகும் என்றார்கள்.

"வாங்க, டீ குடிக்கலாம்" என்றேன்.

கேண்டீனுக்கு வெளியே புங்கமரத்தடியில் சிமெண்டு பெஞ்சு. நாங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அவர் மனைவி, இரண்டு பெண்கள், ஓசூர் குளிர் எல்லாம் விசாரித்தேன். அவர் என் அப்பாவைப் பற்றி விசாரித்தார்.

"அந்த பெங்களூர் கேசட் இருக்குதுங்களா?"

"இருக்குது. அப்பப்ப கேப்பேன்."

"இன்னுமா?" என்று சிரித்தார்.

வயது ஏறினால் சில பயங்கள் தாமாக உதிர்ந்துவிடுகின்றன. நான் கேட்டுவிட்டேன்.

"மூணாவது பாட்டு முடியற எடத்துல ஏதோ சொன்னீங்களே சம்பத். கூச்சல்ல கேக்கல. இன்னா அது?"

கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே இறக்கினார்.

"கேக்கலையா?"

"இல்ல."

"நெஜமாவா மேடம்?"

"நெஜமாத்தான். சத்தம் ஜாஸ்தி. எத்தனையோ வாட்டி போட்டுப் பாத்தேன்."

அவர் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். காற்றில் புங்கம்பூ கொட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சுமேல், அவர் பைமேல்.

"நீங்க கேட்டுட்டீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேங்க. கடைக்கு வந்து, பேச்சு ஜாஸ்தின்னு சிரிச்சீங்க. பேசாத பாட்டுதான் நல்லா இருக்குதுன்னீங்க. சரி, மனசு நோகாம பதில் சொல்லிட்டாங்கன்னு எடுத்துக்கினேன்."

"இன்னா கேட்டீங்க?"

"நீங்க சரின்னா நாம கல்யாணம் பண்ணிக்கலாமான்னு." பிறகு, தனக்கே சொல்வது போல, "நேர்ல கேக்க தைரியம் இல்லைங்க. அந்தக் கூட்டத்துல நின்னப்போ வந்துச்சு" என்றார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ ஏதோ ஃபைலைத் தேடி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"கேட்டிருந்தா?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"சரின்னு சொல்லியிருப்பேன்."

தலையாட்டினார். வேறு என்ன செய்வார். கொஞ்ச நேரத்தில் அதிகாரி வந்துவிட்டதாகச் சொன்னார்கள். பையை எடுத்துக்கொண்டார். "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டு வராந்தா பக்கம் நடந்தார். வேலை முடிந்து எப்போது போனார் என்று நான் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிய கையோடு கேசட்டை எடுத்தேன்.

தெரிந்துகொண்டு கேட்டால் கேட்கிறது. எனக்கு அது இன்றும் ஆச்சரியம்தான். மூன்றாவது பாட்டு முடிந்தது, கூட்டம் எழுந்தது, விசில் அடித்தார்கள், அத்தனைக்கும் அடியில் அவர் குரல் ஒரு சொல் விடாமல் இருந்தது. 'மேடம், நீங்க சரின்னா நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?' இத்தனை வருஷம் எப்படித்தான் கேட்காமல் இருந்தேனோ.

பிறகு நான்காவது பாட்டு ஆரம்பித்தது. நான் சுத்தமான ஒலிப்பதிவு என்று மெச்சிய பாட்டு. உற்றுக் கேட்டேன். அவர் மூச்சு விடுவது கேட்டது. மெஷினை வாயருகிலேயே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மூன்று தடவை, ஏதோ சொல்லப் போகிற மாதிரி மூச்சை இழுத்து, சொல்லாமல் விட்டிருக்கிறார்.

பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்தப் பாட்டு முடிகிறவரை நானும் ஒன்றும் பேசவில்லை.